ஏழாம் நம்பர்

மேல்விஷாரம் தாண்டிப் பாலாற்று மணலில்
ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு
மூன்று கார்கள், நான்கு கோல்ஃப் பைகள்.
தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்களைக்
கிண்டல் செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும்.
எங்களுக்கு அது
சந்தா இல்லாத நானூறு கஜம்.

நிஸார் அகமது புது இரும்பை
பிள்ளையின் காலுறை கழற்றுகிற மாதிரி
உறையிலிருந்து உருவினார்.
உள்ளே கூடாம். கூட்டுக்குள் நுரையாம்.
முகத்தகடு இரண்டு மில்லிகூட இல்லையாம்.
(எங்கள் பேக்டரியில் அது பூட்ஸ் மேல்தோலின் கனம்.)
"ஏழாம் நம்பர் மேடம்.
நூத்தி எழுபது கஜம், அலுங்காம போகுது."

டாக்டர் செல்வின் தன்னுடைய ஏழைத்
துண்டால் துடைத்தார்.
பதினாறு வருஷமாக அது நூற்றைம்பது.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை,
பாவம், நேர்மையான இரும்பு.

முனிரத்தினம் பாய்லர் ஆலையில் வெல்டிங் பார்த்தவர்.
நகத்தால் சுண்டிக் காதருகே வைத்தார்.
"இது வார்ப்பு. அது அடிச்சு செஞ்சது.
போகும் சார், போகும்.
போன எடத்துல நிக்குமா?
மணல்ல எல்லாப் பந்தும் நிக்கும்.
பெங்களூர்ப் புல்லுல எறக்கிப் பாருங்க,
கொடியைத் தாண்டி ஓடிக்கிட்டே இருக்கும்."

தோற்றவர் ஆற்காடு மக்கன் பேடா
ஒரு கிலோ வாங்குவதென்று முடிவானது.

நான் பேக்டரியிலிருந்து கோணமானி கொண்டுவந்திருந்தேன்.
டாக்டரின் ஏழு: முப்பத்துநான்கு பாகை.
நிஸாரின் ஏழு: இருபத்தெட்டு.
டாக்டரின் ஐந்து?
இருபத்தெட்டு.

எண்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.
கம்பின் நீளம் பார்த்துக் கண்டுபிடிக்காதபடி
முனிரத்தினத்தைத் திரும்பி நிற்கவைத்து
ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன்.
அடித்தார். அடித்தார்.
மணல் லாரிகள் தோண்டிப்போன ஒரே குழிக்குள்
இரண்டு பந்துகளும்,
நடுவே ஒரு செருப்பின் நீளம்.

ஒரே அடியில் ஐந்நூற்றுப் பத்து அடி.
ஆடு ஓட்டிக்கொண்டு குறுக்கே வந்த பெண்
சற்று நின்று கேட்டாள்:
"அம்மாந்தூரம் அடிச்சிட்டு
நீங்களேதான் போயி எடுத்தாரணுமா?"

டேப்பைப் பிரித்து நிஸாரிடம் காட்டினேன்.
ஏழு என்று வெட்டியிருக்கிறது,
நிமிர்ந்து நிற்பது ஐந்தைப் போல.
அவர் சிரித்தார்.
"தெரியும் மேடம். கடைக்காரனே சொன்னான்.
இதோட வெட்ஜ் வாங்கினா
நடுவுல பள்ளம் விழும், இன்னொண்ணு வாங்கணும்னும் சொன்னான்.
அம்பத்தெட்டு வயசு.
ரெண்டு முட்டியிலயும் ஊசி.
என் ஏழு நூத்தி எழுபது போகணும்.
ஐந்தை எடுத்து அடிச்சா
அது வெறும் ஐந்து."

ஹாம்பர்க் வியாபாரியின் கடிதம் நினைவுக்கு வந்தது:
நாற்பத்திரண்டின் கால் நுழையும் அச்சில் தையுங்கள்,
அடியில் நாற்பத்தொன்று என்றே பதியுங்கள்,
வாங்குகிறவர்கள் சந்தோஷப்படுகிறார்கள்.
பதித்தோம்.
பன்னிரண்டாயிரம் ஜோடி.
தரச் சான்றிதழில் என் கையெழுத்து.

மூவரும் பந்து பொறுக்கப் போனார்கள்,
பேடா யார் வாங்குவது என்ற சண்டையோடு.
வெயில் முதுகில் ஏறத் தொடங்கியிருந்தது.
வாலாஜா ரோடு பக்கம் ஏதோ ரயில்.

என் ஏழு நூற்றுப் பதினைந்து.
அந்தச் சீமைக்கருவேல மரத்துக்கு
இந்தப் பக்கம்தான் எப்போதும் விழும்.
சுற்றிப் பார்த்துவிட்டு
நிஸாரின் இரும்பை எடுத்தேன்.
கையில் அதிர்வே இல்லை,
வாழைத்தண்டை வெட்டின மாதிரி.
பந்து மரத்தின் உச்சி முள்ளைத் தாண்டி,
அதற்கு அப்பாலும்
கொஞ்சம் போய் விழுந்தது.

கோணமானியைப் பைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்து மூடினேன்.
அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்,
வேறு எங்கோ பார்த்தபடி,
"செட்டா வாங்கினா
என்ன விலை சொல்றான்?"